எட்டில் முதலாவது நகை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கவிதைகளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு என் உரை எப்போது முடியும் என்று காத்திருக்கும் கவிஞர் பெருமக்களே!

‘அன்றாட வாழ்வில் நகைச்சுவை’ என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. தலைப்பை அளித்த செயலாளர், “இருபது நிமிடம் பேசுங்கள், அவை சிரித்தால் இருபத்தைந்து” என்று ஒரு சலுகையும் தந்தார். சிரிக்கவில்லையென்றால் எத்தனை நிமிடம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பத்தாண்டுகளுக்கு முன் இந்த வட்டம் கூடிய முதல் ஞாயிற்றுக்கிழமை என் நினைவில் அப்படியே இருக்கிறது. இடம், ஒரு தொடக்கப்பள்ளியின் மூன்றாம் வகுப்பறை. எட்டு வயதுப் பிள்ளைகளுக்கென்று செய்த பெஞ்சுகளில், முழங்காலை மோவாய்க்கு அருகே வைத்துக்கொண்டு, அறுபதைக் கடந்தவர்கள் அமர்ந்து இலக்கியம் பேசினோம். வந்தவர்கள் எழுவர். அந்த ஏழாமவர் பள்ளியின் காவலர். எங்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்ட வேண்டியவர். நன்றியுரை முடிந்ததும் சாவிக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். அப்போது ஒரு கவிஞர், “இன்னும் ஒன்றே ஒன்று” என்று தாளைப் பிரித்தார். காவலர் அமர்ந்தார். பத்தாண்டுகளாக அவர் எழுவதும் அமர்வதுமாகவே இருந்துவருகிறார். இதோ, இன்று முதல் வரிசையில், சாவிக்கொத்து இல்லாமல் வந்திருக்கிறார். நம் வட்டத்தில் எல்லாக் கவிதைகளையும் கடைசி வரி வரை கேட்ட ஒரே மனிதர் அவர்தாம் என்பதை இந்த மலரில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

நண்பர்களே, தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகின்றார். அவற்றுள் முதலில் வைக்கப்பட்டது நகை. அதற்கு அடுத்த இடம் அழுகைக்கு. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததில் எனக்கு வியப்பில்லை. 1974ஆம் ஆண்டு எழுத்தராகச் சேர்ந்து 2012ஆம் ஆண்டு ஓய்வு பெறும்வரை, தாமிரபரணிக் கரையின் சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் அஞ்சலகத்திலேயே காலம் தள்ளியவன் நான். காலையில் அவிழ்க்கும் தபால் பை ஒன்றுதான். அதற்குள்ளிருந்து நகையும் அழுகையும் ஒன்றன்மேல் ஒன்றாகவே வரும்.

நகை பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்களையும் அந்நூல் வகுக்கின்றது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. எள்ளல் என்றால் இகழ்ச்சி. இளமை என்றால் பிள்ளைத்தன்மை. பேதைமை அறியாமை. மடன் என்பதோ, ஒருவர் சொன்னதை உள்ளத்தில் வாங்கிக்கொண்டு, வாங்கியதை விடாமல் பிடித்திருத்தல். கடைசி இரண்டிற்கும் வேறுபாடு யாதெனத் தேர்வில் கேட்டிருந்தால் நான் தவறியிருப்பேன். அதை எனக்கு விளங்க வைத்தவர் ஓர் ஆச்சி. அவரிடம் பிறகு வருகிறேன். அதற்கு முன் என் திருமணத்துக்கு வருகிறேன்.

தந்தியில் வாழ்த்து அனுப்புவோருக்கென்று ஆயத்த வாசகங்கள் இருந்ததை மூத்தவர்கள் அறிவீர்கள். ஒவ்வொரு வாசகத்துக்கும் ஓர் எண். வாசகத்தை முழுதாக அடிக்க வேண்டியதில்லை. எண்ணை மட்டும் அனுப்பினால், பெறும் அலுவலகத்தில் அதற்குரிய வாசகத்தை எழுதி அழகான தாளில் கொடுப்பார்கள். திருமணத்துக்கு எண் 8. நீண்ட, இனிய மணவாழ்வு அமைக என்பது அதன் பொருள். தீபாவளிக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று, வீட்டிற்கு வந்த புது வரவுக்கு, அதாவது பிறந்த குழந்தைக்கு, ஒன்று என்று பட்டியல் நீளும்.

1979ஆம் ஆண்டு என் திருமணம். வேறோர் ஊர் அலுவலகத்தில் இருந்த என் நண்பர் தந்தி கொடுத்திருந்தார். வழியில் எந்தக் கை சறுக்கியதோ, எந்தக் காது தவறிக் கேட்டதோ, மணப்பந்தலுக்கு வந்து சேர்ந்தது புது வரவுக்கான வாழ்த்து. என் பெரியப்பாவுக்கு ஆங்கிலம் தெரியும். அது ஊருக்கும் தெரியவேண்டும் என்பதில் அவருக்கு ஆர்வமும் உண்டு. தாலி கட்டி முடித்துப் பத்து நிமிடம்கூட ஆகியிராது. ஒலிபெருக்கியின் முன் நின்று தந்தியைப் பிரித்து உரக்கப் படித்து, கேட்டோர் நலன் கருதி மொழிபெயர்த்தும் சொன்னார்: “புதிதாகப் பிறந்திருக்கும் குழந்தைக்கு வாழ்த்துகள்.”

என் மாமனார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை வருணிக்க இங்குள்ள கவிஞர்களின் உதவியை நாடுகிறேன். நான் எழுந்து, இது எண்ணில் நேர்ந்த பிழை, தந்தி முறையில் இப்படியும் நடப்பதுண்டு என்று விளக்கினேன். “மாப்பிள்ளையும் அதே இலாகாதானே, விட்டுக்கொடுத்துப் பேசுவாரா?” என்று பந்தியில் ஒரு குரல் எழுந்தது. ஈராண்டு கழித்து மூத்த மகன் பிறந்தபோது ஆளனுப்பிச் செய்தி சொன்னோம். “இதுக்குத்தான் முன்னமே தந்தி வந்துட்டே” என்றார் மாமனார். அவர் நகையாடியது அன்று ஒருநாள்தான். ஆனால் அன்றுதான் எங்கள் இருவருக்குமிடையே பேச்சு தாராளமாயிற்று. எள்ளலை உரையாசிரியர் இருவகையாகக் கொள்வர்: பிறரை எள்ளித் தான் நகுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளியபோது தானும் நகுவது மற்றொன்று. இரண்டாவது வகையைப் பயில மருமகனாக இருப்பதைவிட நல்ல பள்ளி வேறில்லை.

தந்தி என்றவுடன் இன்னொருவரைச் சொல்லாமல் விட இயலாது. எங்கள் அலுவலகத்தில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் பணியாளர் ஒருவர் இருந்தார். அக்காலத்தில் தந்தி என்றாலே சாவுச் செய்தி. சைக்கிளை நிறுத்தும் ஒலி கேட்டவுடன், தாளைப் பிரிக்கும் முன்பே, பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கிவிடுவார்கள். பிரித்துப் பார்த்தால் பையனுக்கு வேலை கிடைத்திருக்கும். அவர் இளகிய மனம் படைத்தவர். இந்த வீண் அழுகையைத் தவிர்க்க எண்ணி ஒரு வழி கண்டார். தெருமுனையிலிருந்தே, “நல்ல சேதி! நல்ல சேதி!” என்று கூவிக்கொண்டு வருவார். தெருவே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஓராண்டு இப்படி நடந்தது.

பிறகு ஒருநாள் அவர் வாய்திறவாமல் வந்தார். முனையிலிருந்து கடைசி வீடு வரை அவர் மிதித்த தொலைவெங்கும் அழுகை அவருக்கு முன்னால் போயிற்று. எந்த வீடு என்று தெரியாததால் எல்லா வீட்டிலும் அழுதார்கள். முன்பு ஒரு வீட்டில் அழுததைத் தெரு முழுவதும் அழச் செய்துவிட்டேனே என்று அவர் வந்து என்னிடம் வருந்தினார்.

அடுத்து வேறொரு முறையைக் கைக்கொண்டார். எந்தச் செய்தியானாலும் கூவுவதில்லை. துயரச் செய்தியானால் திண்ணையில் அமர்ந்து முதலில் ஒரு செம்பு தண்ணீர் கேட்பது, குடித்து மூச்சு வாங்கி, மெல்ல விவரம் சொல்லுவது. நல்ல முறைதான். ஆனால் ஊர் அதையும் கற்றுக்கொண்டது. ஒரு சித்திரை மாத நண்பகல். கையில் தந்தி ஏதும் இல்லை. தன் சொந்த வேலையாகப் போனவர், தாகம் பொறுக்காமல் ஒரு வீட்டு வாசலில் நின்று, “அம்மா, கொஞ்சம் தண்ணி” என்றார். செம்போடு வந்த அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். செம்பு கீழே விழுந்தது. “யாருக்கு, ஐயா?” என்று அலறினாள். அதன்பின் அந்த வட்டாரத்தில் அவர் பணி ஓய்வு பெறும்வரை எவர் வீட்டிலும் தண்ணீர் கேட்டதில்லை. பித்தளைக் கூஜா ஒன்றைச் சைக்கிளில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். புதிதாக வந்த அதிகாரி ஒருவர், அது என்ன ஆடம்பரம் என்று கேட்டார். விளக்கம் சொல்ல எங்களுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. 2013ஆம் ஆண்டு ஜூலையில் தந்தி சேவை நாடு முழுவதும் நிறுத்தப்பட்ட செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கூஜாதான். என் பேத்தியிடம் இதையெல்லாம் சொல்லத் தொடங்கினேன். “தந்தின்னா பேப்பர்தானே தாத்தா, அதை ஏன் சைக்கிள்ல வந்து அழுதுகிட்டே குடுத்தாங்க?” என்றாள். இது இளமை என்னும் நிலைக்களத்தின்பாற்படும்.

சேமிப்புக் கணக்குப் பிரிவில் நான் இருந்தபோது, எனக்கு நான்காம் வகுப்பில் பாடம் நடத்திய தலைமையாசிரியர் பணம் எடுக்க வந்தார். வயது எண்பதுக்கு மேல். கை நடுக்கம். அவர் இட்ட கையெழுத்து, எங்கள் ஏட்டில் இருந்த மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. விதிப்படி நான் பணம் தரக்கூடாது. “ஐயா, மறுபடி போடுங்கள்” என்றேன். போட்டார். ஒக்கவில்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. ஐந்தாறு தாள்கள் ஆகிவிட்டன. நிமிர்ந்து பார்த்து, “உனக்கு நான் எத்தனை முறை இம்பொசிஷன் கொடுத்தேன்?” என்று கேட்டார். “ஐம்பது முறை, ஐயா. ‘பள்ளி’க்கு ஒற்றை ‘ள’ போட்டதற்கு.” “அப்படியானால் இன்னும் நாற்பத்துச் சொச்சம் இருக்கிறது” என்று பேனாவை எடுத்தார். சாட்சிக் கையெழுத்து வாங்கிப் பணத்தைக் கொடுத்தனுப்பினேன். பணத்தை எண்ணிப் பார்க்காமல் பையில் வைத்தவர், நான் எழுதியிருந்த குறிப்பைக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்து, அதில் ஒரு சந்திப் பிழையைத் திருத்திவிட்டுப் போனார். திருத்தும்போது கை நடுங்கவில்லை.

இனி அந்த ஆச்சி.

இவ்வட்டத்தில் ஓரளவு பழகியவர்கள் அனைவருக்கும் இக்கதை தெரியும். இரண்டாம் ஆண்டு விழாவில் முதன்முதலாகச் சொன்னேன். அவை அதிர்ந்தது. மூன்றாம் ஆண்டு, “அந்த மணியார்டர் கதை” என்று கேட்டு வாங்கினீர்கள். ஐந்து முறையாவது சொல்லியிருப்பேன். இன்று ஆறாம் முறை சொல்லப்போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. (பணவிடை என்றுதான் சொல்லவேண்டும் எனத் தனித்தமிழ் அன்பர்கள் கண்ணால் கடிந்துகொள்கிறார்கள். ஆச்சிக்கு அது மணியார்டர். அவருடைய மணியார்டரை நான் பணவிடை ஆக்கினால் அவர் வாங்க மாட்டார்.)

1981 அல்லது 82 ஆக இருக்கும். ஆச்சியின் மகன் பம்பாயில் ஒரு தேநீர்க்கடையில் வடை போடும் வேலையில் இருந்தான். மாதம் நூறு ரூபாய் அனுப்புவான். அஞ்சல்காரர் வீட்டிற்கே கொண்டுபோய்க் கொடுப்பார். ஒருநாள் காலை, கதவு திறந்தவுடன், முந்தானையில் முடிந்த பணத்தோடு ஆச்சி என் முன் வந்து நின்றார். முடிச்சை அவிழ்த்துத் தாள்களைப் பலகையின்மேல் வைத்தார்.

“ஏ ஐயா, இது எம் பிள்ளை அனுப்புன ரூவா இல்ல.”

எண்ணினேன். நூறு ரூபாய் சரியாக இருந்தது. “சரியாத்தானே இருக்கு, ஆச்சி?”

“தொகை சரிதான். தாளு அவன் அனுப்புனது இல்ல. எண்ண வாசமே இல்லியே!”

மகன் விடுமுறைக்கு வரும்போது கையில் தரும் தாள்களில் அடுப்படி எண்ணெயின் மணம் இருக்குமாம். இதில் இல்லையாம். அஞ்சல்காரர் மாற்றிவிட்டார் என்பது வழக்கு. நான் பொறுமையாக விளக்கினேன். அங்கே அவன் கட்டிய பணம் அங்கேயே இருக்கும். படிவம் மட்டும் இங்கே வரும். இங்குள்ள அரசுப் பணத்திலிருந்து நாங்கள் கொடுப்போம். 1880ஆம் ஆண்டிலிருந்து அஞ்சலகத்தில் இதுதான் நடைமுறை என்று ஆண்டெல்லாம் சொன்னேன். ஆச்சி கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும் ஒரு கேள்வி:

“அப்போ எம் பிள்ளை ரூவாய அங்க எவளுக்குக் குடுத்தீக?”

இந்த இடத்தில்தான் ஒவ்வோர் ஆண்டும் கைதட்டல் வரும். இன்றும் வந்தது, நன்றி. நான்காம் ஆண்டில் இதோடு ஒரு வாலையும் ஒட்டினேன்: ஆச்சி அலுவலகத்துக்குள் புகுந்து ஒவ்வோர் ஊழியர் கையையும் பிடித்து முகர்ந்து பார்த்தார், அஞ்சலக அதிகாரியின் கையைக்கூட விடவில்லை என்று. கைதட்டல் இரட்டித்தது. அன்பர்களே, அந்த வால் நான் ஒட்டியது. அப்படி ஒன்று நடக்கவில்லை. ஆச்சி பலகையைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

வால் ஒட்டிய அந்த ஆண்டு விழா முடிந்து, எல்லாரும் கலைந்த பின், நம் மூத்த கவிஞர் ஒருவர் செருப்பைத் தேடிக்கொண்டே என்னிடம் கேட்டார். (இரண்டாம் வரிசையில் இருக்கிறார், பெயரைச் சொல்லாதே என்று சைகை காட்டுகிறார்.) “அந்த அம்மாள் கைநாட்டு வைத்திருப்பாரே, அது என்ன ஆயிற்று?” என்றார். “அது ஒப்புகைச் சீட்டு. அனுப்பியவருக்கே திரும்பிப் போகும்” என்றேன். “பம்பாய்க்கா?” “ஆமாம்.” அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கதை நன்றாக இருந்தது என்றோ, இல்லை என்றோ ஒரு சொல் சொல்லவில்லை.

வீடு வரை நடந்தேன். கதையின் மறுபாதி வழியெல்லாம் என்னோடு வந்தது. அதை நான் மறந்திருக்கவில்லை. அந்தப் பாதியில் கைதட்டல் வராது என்பதால் சொல்லாமல் விட்டிருந்தேன். சொல்லாமல் விட்டு விட்டு, நடக்காததை ஒட்டியிருந்தேன். அந்தப் பாதி இதுதான்.

“எவளுக்குக் குடுத்தீக” என்று கேட்டபின் ஆச்சி போய்விடவில்லை. சற்று நேரம் நின்றார். பிறகு தன் வலக்கைப் பெருவிரலை என் முன் நீட்டினார். மை இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை. “அப்போ நான் வச்ச ரேகையும் அவங்கிட்டப் போவாதா? இங்கயே கெடக்குமா?”

“அது போகும், ஆச்சி. நீங்க வச்ச அதே தாள்தான் போகும்.”

“அவங் கைக்கா?”

“அவன் கைக்கேதான்.”

ஆச்சியின் முகம் அப்போது எப்படி மாறிற்று என்று சொல்ல நான் முயலமாட்டேன். தாள்களை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். “முன்னமே சொல்லப்படாதா? நான் பாட்டுக்கு ஏனோதானோன்னு வச்சிட்டேனே” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அடுத்த மாதம் அஞ்சல்காரர் ஒரு படிவத்தோடு வந்து என்னிடம் முறையிட்டார். ரேகை வைக்கச் சொன்னால், இரு என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஆச்சி முகம் கழுவிப் பொட்டிட்டு வருகிறாராம். விரலில் மஞ்சளைப் பூசி, அதன்மேல் மையைத் தொட்டு, அழுத்தி வைத்துவிட்டாராம். படிவம் பாழாகிவிட்டதே என்றார். பார்த்தேன். நீல ரேகையைச் சுற்றி மஞ்சள் ஊறியிருந்தது. ‘படிவங்களைக் கறைப்படுத்தலாகாது எனப் பெறுநருக்கு அறிவுறுத்துக’ என்று எழுதிக் கையொப்பமிட்டவன் நான்தான். அறிவுறுத்தியும் மாதாமாதம் மஞ்சள் வந்துகொண்டுதான் இருந்தது. பம்பாயிலிருந்து ஒருநாளும் புகார் வரவில்லை.

மகன் படிவத்தின் அடிக்கட்டையில் எழுதி அனுப்பும் வரி எப்போதும் ஒன்றே. ‘இத்துடன் ரூபாய் நூறு அனுப்பியுள்ளேன்’ என்றிருக்கும். அஞ்சல்காரர் அதைப் படித்துக் காட்டுவார். ‘இத்துடன்’ என்று மகன் சொல்லியிருக்கிறான். ஆச்சி அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டார், விடவில்லை. நாமெல்லாம் ஆயிரம் கடிதத்தில் எழுதிப் பொருளிழந்துபோன சொல் அது. ஐந்து ஆண்டுகளாக நான் பேதைமை என்று எண்ணிச் சொல்லிவந்தது மடன். அதற்கு வாலை ஒட்டி எள்ளலாக மாற்றியதும் நானே. கதை ஒன்றுதான், சொல்லுகிறவன் அதை நிலைக்களம் விட்டு நிலைக்களம் இழுத்துக்கொண்டு போகலாம் போலிருக்கிறது. இலக்கணம் அறிந்த அன்பர்கள் இதில் பிழை கண்டால், சந்திப் பிழையைப்போல் பொறுமையாகத் திருத்துங்கள். வாலை இன்று முறைப்படி வெட்டிவிட்டேன். மலரில் அச்சேறும்போது அது இல்லாமலே அச்சேறட்டும்.

ஆச்சியை வைத்துச் சிரித்திருக்கவே கூடாதா என்று ஓர் இளம் கவிஞர் அண்மையில் என்னிடம் கேட்டார். எண்ணெய் வாசனையும் ‘எவளுக்குக் குடுத்தீக’வும் எனக்கு இன்னும் சிரிப்பைத்தான் தருகின்றன. ஆச்சியே அங்கு நின்றிருந்தால் அந்தக் கேள்விக்குச் சிரித்திருப்பார் என்றும் எண்ணுகிறேன். கை முகர்ந்த கதைக்குச் சிரித்திருக்க மாட்டார். அதற்கு மேல் எனக்கு அளவுகோல் தெரியவில்லை.

பழைய முறை மணியார்டர் 2015ஆம் ஆண்டோடு முடிந்தது. என் இளைய மகன் பெங்களூருவில் பணிபுரிகிறான். மாதப் பிறப்பில் கைப்பேசி வழியே பணம் அனுப்புகிறான். அவன் அங்கே தொட்ட நொடியில் இங்கே ‘டிங்’ என்று ஓர் ஒலி. வங்கிக் கணக்கு என் மனைவி பெயரில் இருப்பதால் ஒலியும் அவள் கைப்பேசியில்தான். முதல் மாதம் அவள் என்னிடம் கேட்டாள்: “இது அவன் அனுப்பின பணந்தானா?” முப்பத்தெட்டு ஆண்டு அனுபவத்தோடு நான் விளக்கத் தொடங்கினேன். பணம் எங்கும் போகவில்லை, எண் மட்டுமே இடம் மாறுகிறது என்றேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். “தந்தியில எண்ணு மாறி வந்த கதை எனக்குத் தெரியும். நீங்க போய் அந்தத் தொகையை எடுத்துட்டு வாங்க.” எடுத்து வந்தேன். அவன் சிறுவயதில் பள்ளிக்குக் கொண்டுபோன வட்ட எவர்சில்வர் டப்பாவில் அதைப் போட்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். செலவுக்கு என் ஓய்வூதியம். டப்பா இன்றுவரை நிரம்பிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது டப்பாவும் வந்தாயிற்று. மகனுக்கு இது தெரியாது. இந்த மலரை அவன் படிக்க மாட்டான் என்னும் துணிவில் சொல்லுகிறேன்.

இன்னொரு சிறு சங்கடம். அவள் கைப்பேசியைப் பெருவிரலை வைத்துத்தான் திறக்க வேண்டும். அப்படி அமைத்துக் கொடுத்தவனும் அவனே. நாற்பது ஆண்டுகள் புளி கரைத்து, பாத்திரம் துலக்கித் தேய்ந்த விரல். அதில் குழம்பு நேரத்து மஞ்சள் வேறு. சென்ற ஒன்றாம் தேதி அடுக்களையில் ‘டிங்’ என்றது. விரலை வைத்தாள், திறக்கவில்லை. மறுபடி வைத்தாள், ஆளை அறியமாட்டேன் என்றது. எங்கள் தலைமையாசிரியரிடம் நான் சொன்னதையே கைப்பேசி அவளிடம் சொல்லிற்று. முந்தானையில் விரலை அழுத்தித் துடைத்து மூன்றாம் முறை வைத்தபோது திறந்தது.

“வந்துட்டுன்னு அவனுக்குச் சொல்லணுமே” என்றாள்.

“சொல்ல வேண்டாம். பணம் சேர்ந்துவிட்டதென்று அதுவே அவனுக்குச் செய்தி அனுப்பிவிடும்.”

“அது அனுப்பினா நான் அனுப்பினதாகுமா?” என்று கேட்டுவிட்டு, கண்ணாடியை மூக்கின்மேல் தள்ளிக்கொண்டு எதையோ நெடுநேரம் தேடினாள். எழுத்தடிக்க அவளுக்கு வராது. கடைசியில் அந்தச் சிறு படங்களுக்கிடையே வேண்டியதைக் கண்டுபிடித்துத் தொட்டாள். பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். உயர்த்திய பெருவிரல் ஒன்று மகனுக்குப் போய்க்கொண்டிருந்தது. மஞ்சள் நிறத்தில் இருந்தது.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். காவலர் எழுந்து அமர்ந்துவிட்டார். கவிஞர்கள் தாளை வெளியே எடுக்கலாம்.